மூன்று வாட் யாருக்குப் போதவில்லை?

ஓய்வு பெற்றுவிட்டால் நிம்மதி என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்த பெரம்பலூர் சர்வீஸ் சென்டரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வராத வாரம் கிடையாது. இப்போது என் இடத்தில் இருக்கும் ரம்யாதான் அனுப்புவாள். "மேடம், வால்வு ஆம்ப் ஒண்ணு வந்திருக்கு மேடம். மூணு வாட்டுதான். சவுண்டு பத்தலங்கிறாரு கஸ்டமரு. என்ன ஸ்பீக்கர் போடச் சொல்லட்டும்?"

நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். இப்ப என்ன ஸ்பீக்கர் வச்சிருக்காரு? ஆம்ப்புக்குப் பின்னால எந்த முனையில மாட்டியிருக்காரு? யாருக்குப் பத்தல? முதல் இரண்டுக்கும் டக்கென்று பதில் வரும். மூன்றாவதற்குச் சிரிப்பாள். "யாருக்குன்னா... கஸ்டமருக்குத்தான் மேடம்." போன வாரம் சிரிக்காமல், "ஏன் மேடம் எப்பப் பாத்தாலும் அதையே கேக்குறீங்க?" என்றாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பயந்த சுபாவம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த ஆண்கள், நான் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். ஷாக் அடித்தால் அழுதுகொண்டே ஓடிவிடுவேனாம். ஷாக் அடித்தது. அழவும் செய்தேன். ஓடினால் அப்பா அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிடுவார் என்ற பெரிய பயம் இருந்ததால், சின்ன பயத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் சவரிமுத்து சார். ஒல்லியான மனிதர். பெஞ்சுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த செட்டுக்குள் முந்நூறு வோல்ட் சாதாரணமாக ஓடும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கை என்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் வேலையை முடித்து எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகும்போது பின்னால் வந்து நிற்பார். நம் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவிட்சைப் பார்த்துக்கொண்டு, "போட்டுடலாமா?" என்று கேட்பார்.

இந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் கேட்பார், தப்பு இருந்தாலும் அதே குரலில் கேட்பார். "போடலாம் சார்" என்று அவசரமாகச் சொல்கிறவர்களை அவருக்கு ஆகாது. "இருங்க சார், இன்னொரு தடவ பாத்துக்கறேன்" என்றால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அந்தப் பதில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற அதிகாரி அமைவதெல்லாம் கொடுப்பினைதான்.

வால்வு ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள உறவை நான் புரிந்துகொண்டது பாடாலூர்க்காரர் ஒருவரால். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஊர் முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப்புகளை மேய்த்துப் பழகியவர். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் பார்த்த ஆம்ப்பை முதல் தடவை போடும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிடுவார்கள். ஆம்ப்பில் கோளாறு மிச்சம் இருந்தால் ஸ்பீக்கராவது தப்பிக்கட்டும் என்றுதான். டிரான்சிஸ்டருக்கு அது நல்ல புத்தி. அவர் எங்கிருந்தோ ஒரு வால்வு ஆம்ப்பை வாங்கி, வால்வு மாற்றி, அதே பழக்கத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் போட்டிருக்கிறார். வால்யூமையும் திருகியிருக்கிறார். உள்ளே பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் நாற்றம்.

"ஸ்பீக்கரக் காப்பாத்தத்தான் சார் கழட்டுனேன்! நல்லது பண்ணப் போயி இப்படி ஆயிப்போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சவரிமுத்து சார் ஆம்ப்புக்குள் எரிந்துபோயிருந்த டிரான்ஸ்பார்மரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வு ஆம்ப்பிலிருந்து வருகிற சக்திக்குப் போக ஓர் இடம் வேண்டும், ஸ்பீக்கர் இல்லையென்றால் அது டிரான்ஸ்பார்மரிலேயே திரும்பி அடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்காகவே எங்கள் பெஞ்சில் ஒரு தடித்த ரெசிஸ்டர் இருந்தது. ஸ்பீக்கர் இருக்கிற இடத்தில் அதை மாட்டிவிட்டால் சக்தி முழுவதையும் வாங்கிச் சூடாகிக்கொண்டு கிடக்கும். ஒரு முணுமுணுப்புகூட வராது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஊமை. "ஸ்பீக்கரக் கழட்டணுமா? ஊமைய மாட்டிட்டுக் கழட்டு." வெளியே சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் என் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஊமையும் வரும்.

கல்யாணமாகி அரியலூருக்குக் குடிவந்த பிறகு, தினமும் பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். அதனால் அரியலூர்ப் பக்கத்துச் சர்வீஸ் எல்லாம் என் தலையில்தான் விழும். அப்படி வந்தவர்தான் தங்கராசு அண்ணன்.

அவருக்கு ஊர் ஓரத்தில் வீடு. மனைவி செல்வி. ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கென்று ஒரு வால்வு ஆம்ப் வாங்கி அனுப்பியிருந்தாள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று பக்கத்துக்கு மூன்று வாட். போட்டால் கண்ணாடிக் குழாய்கள் தணலாகச் சிவக்கும். அண்ணன் அதைத் தொட்டுத் தொட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஆனால் சத்தம் பத்தவில்லை. மகளிடம் அதைச் சொல்லவும் மனசில்லை. "பிள்ள ஆசையா வாங்கிக் குடுத்துது. எதாவது பண்ணி விட்டுருங்கம்மா" என்றார்.

முதல் தடவை போனபோது விஷயம் சுலபமாகத் தெரிந்தது. ஒல்லியாக, உயரமாக, கறுப்பாக இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் வேலைக்குச் சோம்பேறி. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் வரும் என்று கம்பெனிக்காரனே போட்டிருப்பான். சோம்பேறி ஸ்பீக்கருக்கு ஐம்பது, நூறு வாட் வேண்டும். மூன்று வாட்டை வைத்துக்கொண்டு வால்யூமைத் திருகினால் சத்தம் கூடாது, கரகரப்புத்தான் கூடும். போதாக்குறைக்கு அவை நாலு ஓம் ஸ்பீக்கர்கள். அண்ணன் அவற்றைப் பொருந்தாமல் எட்டு ஓம் முனையில் மாட்டியிருந்தார்.

சவரிமுத்து சார் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வாட்டக் கூட்டாத மல்லிகா. ஸ்பீக்கர மாத்து" என்றார். அகலமான பெட்டி, பெரிய காகிதக் கோன், மேலே கீச்சுச் சத்தத்துக்கென்று சின்னதாக ஒரு ட்வீட்டர். அந்த மாதிரி எட்டு ஓம் ஜோடி ஒன்றைக் கொண்டுபோய், எட்டு ஓம் முனையில் மாட்டிப் பாட்டுப் போட்டேன். வீடே நிறைந்துபோனது. செல்வி அடுப்படியிலிருந்து, "எப்பா, கொறைங்க! தெருவே வந்துரும் போல இருக்கு" என்று கத்தினாள்.

அண்ணன் மட்டும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னும் தெளிவு பத்தலம்மா. ஜால்ரா சத்தமே வரலையே?"

என் காதில் ஜால்ரா கணீரென்று விழுந்துகொண்டிருந்தது. ஆனால் நான் என்னை நம்புகிற ஆள் இல்லையே. ட்வீட்டரில் கோளாறாக இருக்கலாம், ஒயர் தளர்ந்திருக்கலாம், என் காதுக்கே பழகிப்போயிருக்கலாம் என்று ஆயிரம் யோசனை.

அப்போதுதான் வீடு ஒரு தடவை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஆம்ப்பின் வால்வுகள் அந்த அதிர்வை வாங்கி, ஸ்பீக்கரில் மெல்லிசாக டிங் என்றன. மத்தியான வெடி. அரியலூரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மைன்ஸில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள்.

"இன்னிக்கு எனக்கு லீவு" என்றார் அண்ணன் பெருமையாக. "இல்லாட்டி வெடிப் பொத்தான அமுக்குறது நான்தான்." மைன்ஸில் கொடுத்த விசில் ஆணியில் தொங்கியதைக் காட்டினார். சுற்றிலும் சிவப்புக் கொடியோடு ஆட்கள் நிற்பார்களாம். சைரன் ஊதிய பிறகும் ஆடு மாடு, மேய்க்கிறவர்கள் என்று யாராவது உள்ளே வந்துவிட்டால் கொடிக்காரர் விசில் அடிப்பாராம். "வாக்கி டாக்கி எல்லாம் இருக்கு. அத எடுத்துப் பேசுறதுக்குள்ள விசில் வந்துரும். விசில் கேட்டா நான் கைய எடுத்துருவேன். ஒரு தடவ ஆட்டுக்காரம்மா ஒண்ணு ஓடைக்குள்ளேருந்து ஏறி வந்துருச்சு. விசில் மட்டும் காதுல விழாம இருந்தா அன்னிக்கு அதோட கதை முடிஞ்சிருக்கும்."

நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ட்வீட்டரைப் பிறகு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

அடுத்த தடவை காலையிலேயே போனேன். கையில் டோன் ஜெனரேட்டர். தாழ்ந்த சத்தத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வரை ஒவ்வொன்றாக எழுப்பும் கருவி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சத்தம் வந்ததும் விரலத் தூக்குங்கண்ணே" என்றேன். நான் குமிழைத் திருப்பத் திருப்ப அவர் விரல் தூக்கினார். கீழே, நடுவே, மேலே, எல்லாவற்றுக்கும். ட்வீட்டர் சத்தத்துக்கும் சரியாகத் தூக்கினார். ட்வீட்டரும் சரி, காதும் சரி என்றால் ஜால்ரா எங்கே போயிற்று?

சரி, இரண்டு ட்வீட்டரையும் கழற்றியே பார்த்துவிடலாம் என்று ஆம்ப்பை அணைத்தேன். வலப்பக்கத்து ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஊமையை மாட்டினேன். இடப்பக்கத்துக்குச் சத்தமே போகாதபடி இன்புட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஒயர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டேன். ஆம்ப் சரியாகச் சக்தி தருகிறதா, ஊமை சூடாகிறதா என்று பார்க்க, ஜெனரேட்டர் குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். ஜெனரேட்டர் முகப்பிலிருந்த மீட்டர் முள் ஏறியது.

தங்கராசு அண்ணன் விரலைத் தூக்கினார்.

அறையில் சத்தமே இல்லை. ஒருவேளை டிரான்ஸ்பார்மர் தகடு முனகுகிறதோ என்று குனிந்து காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. அடுப்படியில் குக்கர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அவர் கண் என் கையில் இருந்தது. விரல் மறுபடி உயர்ந்தது. "கேக்குதும்மா. இது நல்லா கேக்குது" என்றார்.

அவர் காதால் கேட்கவில்லை. என் கையையும் மீட்டர் முள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாழ்ந்த சத்தம், பேச்சு எல்லாம் கேட்கும். மேல் சத்தம் போய்விட்டது. ஜால்ரா எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம்தான் விசிலும் போயிருக்கும்.

அவர் மணியைப் பார்த்து எழுந்தார். "நீங்க பாத்துட்டு இருங்கம்மா. நான் சாப்டுட்டுக் கிளம்பணும். இன்னிக்கு வெடி இருக்கு."

கொல்லைப் பக்கம் ஓடிப்போய்ச் சவரிமுத்து சாருக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். நீங்கள் பஸ் ஏறி வாருங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நான் முடிக்கிற வரை கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் குரல் வந்தது.

"மல்லிகா. அவரு இன்னிக்குப் பொத்தானப் போட்டுடலாமா?"

"கூடாது சார்."

"அப்ப அத ஏன் என்கிட்ட சொல்லிட்டு இருக்க?"

திரும்பினால் பின்னால் செல்வி நிற்கிறாள். கையில் ஈரம் சொட்டுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "எனக்குத் தெரியுங்க்கா. குக்கர் விசிலு அவருக்குக் கேட்டே வருசமாச்சு. போன் அடிச்சாலும் நான்தான் கொண்டாந்து குடுக்கணும். சொன்னா, நீதான் மெதுவாப் பேசறங்கிறாரு, டிவி சரியில்லங்கிறாரு. இப்ப ஆம்ப்பு சரியில்லங்கிறாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும் போயிட்டு வரட்டும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? வெடிச் சத்தம் அடங்குற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

என்னைவிடப் பயந்த ஒரு ஜீவனை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அடுத்து அவள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். உள்ளே போனாள். ஆணியிலிருந்த விசிலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

அண்ணன் வாசல் படியில் குனிந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டியடியில் செல்வி திரும்பி நின்று விசிலை வாயில் வைத்தாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அண்ணன் ஒரு பூட்ஸை முடித்து அடுத்த பூட்ஸை எடுத்தார். அவள் மறுபடி ஊதினாள். அவர் முடிச்சை இறுக்கினார்.

"அண்ணே" என்றேன்.

"என்னம்மா?" என்று உடனே நிமிர்ந்தார்.

நான் தெருக்கோடியைக் காட்டினேன். வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. அங்கே செல்வி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள். என் காதில் அந்தச் சத்தம் வந்து குத்திக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், குரைக்கிற நாயைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஊதுறாளா?"

"ஆமாண்ணே."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார். "வருசா வருசம் காது டெஸ்ட்டு வைக்கிறாங்கம்மா. ஹெட்போன மாட்டிவுட்டு, சத்தம் வந்தா விரலத் தூக்குன்னு. அந்தப் பொண்ணு பட்டன அமுக்குறப்ப தோளு லேசா அசையும். அதப் பாத்துத் தூக்கிருவேன். ரெண்டு வருசமா அப்படித்தான். பொத்தான வுட்டுட்டா நான் என்ன வேலைக்கு ஆவேன்னு நெனச்சேன். அந்த ஆட்டுக்காரம்மாவ நெனக்கவே இல்லையே!"

செல்வி வந்து பக்கத்தில் நின்றாள். அவர் போனை எடுத்து மைன்ஸ் ஆபீசருக்குப் போட்டார். "சார், தங்கராசு பேசறேன். இன்னிக்கு நான் போடல சார். வேற ஆள வைங்க... ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. காது சார். ஆமா சார், எனக்குத்தான்." வைத்துவிட்டு, கட்டிய பூட்ஸைக் குனிந்து அவிழ்த்தார்.

பெரம்பலூருக்குத் திரும்பியதும் சவரிமுத்து சார் கேட்டது ஒரே கேள்வி. "ஆம்ப்ப ஆஃப் பண்ணியா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைக்கவே இல்லை. செல்விக்குப் போன் போட்டால், "அந்தக் கட்டை நல்லாச் சுடுதுங்க்கா, தோசையே ஊத்தலாம்" என்கிறாள். ஊமை மாட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சார் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்குப் பிற்பாடு மைன்ஸ் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டார். ஆம்ப்பில் நான் ஒன்றுமே மாற்றவில்லை. அதே மூன்று வாட், அதே ஸ்பீக்கர். இப்போது வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டுவதில்லை என்று செல்வி சொன்னாள். ரம்யா, ஸ்பீக்கர் பேர் கேட்டாயே, எந்தக் கடையிலும் கிடைக்கும். யாருக்குப் பத்தல என்று முதலில் கேள். வீட்டிலிருக்கும் இன்னொருவரையும் கேள்.

இதை எழுதும்போது, அன்றைய மத்தியானம்தான் மனதில் நிற்கிறது. வேற ஆளை வைக்கச் சொல்லிவிட்டு அவர் போகாமல் இருந்த முதல் வெடி. மூன்று பேரும் அறையில் உட்கார்ந்திருந்தோம். சைரன் ஊதியது. தாழ்ந்த சத்தம், அது அவருக்குக் கேட்டது. ஒரு உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

"விசில் எதும் அடிக்கிறாங்களாம்மா?"

அவ்வளவு தூரத்து விசில் அந்த வீட்டுக்கு வராது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லண்ணே."

"நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டேண்ணே."

வீடு அதிர்ந்தது. வால்வுகள் டிங் என்றன. அவர் கையை எடுக்கவில்லை.

இன்றும் மத்தியானச் சைரன் ஊதினால் நான் மிக்ஸியை நிறுத்திவிடுகிறேன். ஃபேனையும் நிறுத்திவிடுவேன். என் வீட்டிலிருந்து மைன்ஸ் இன்னும் தூரம். இருந்தாலும் வாசலுக்கு வந்து, வெடித்து அடங்குகிற வரைக்கும் நின்று கேட்கிறேன்.